28 நாட்

“காற்று 28,” என்றார் மூன்றாம் அதிகாரி.

“கஸ்ட்தான்,” என்றேன் நான்.

நான் துறைமுக பைலட்: வரும் கப்பலில் ஏறி, அதை உள்ளே வழிநடத்திக் கொண்டுபோகிறவன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். கேப்டன் என்னைப் பார்த்தார், பிறகு காற்றுமானியைப் பார்த்தார், தலையசைத்தார். அடுத்த நான்கு நிமிடங்களில் கப்பலின் முன்முனையான அணியம் அலைதடுப்புச் சுவரைக் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு 300 மீட்டர் நீளக் கப்பலை ‘வேண்டாம்’ என்று வெளியே கொண்டுபோக இடம் கிடையாது. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தது. எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. கேப்டன் கைகொடுத்தார், சீட்டில் கையெழுத்திட்டார். ஆறு மாதம் ஆகிறது. அந்த ஒரு சொல் மட்டும் என்னை விடவில்லை.

அந்த அளவுக் கன்டெய்னர் கப்பலுக்கு எங்கள் வரம்பு 25 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம்). நிலைத்த காற்று அதற்கு மேல் போனால் வெளியே காத்திருக்க வேண்டும். கணநேரம் எழும்பித் தணியும் வீச்சு, அதாவது கஸ்ட், கணக்கில் வராது. ஆகவே ‘கஸ்ட்’ என்று நான் சொன்னதன் பொருள், ‘நீங்கள் சொன்ன எண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம்’ என்பதுதான். ஆனால் அப்படிச் சொல்வதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களில் காற்றுமானியை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. என் கண் வழிகாட்டி விளக்குகளிலும், பின்னால் கயிறு கட்டிக்கொண்டிருந்த இழுவைக் கப்பலிலும் இருந்தது. வீச்சா, நிலைத்த காற்றா என்பது எனக்குத் தெரியாது. வீச்சாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அந்தக் கடல் ஏற்றத்தைத் தவறவிட்டால் அடுத்த ஏற்றத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் கப்பல் ஏற்கெனவே இரண்டு நாள் நங்கூரத்தில் கிடந்தது.

அன்றிரவு தூக்கம் வராமல் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். கப்பல் 8 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. காற்று இடப்பக்க முகப்பில் ஏறக்குறைய 40 டிகிரியில் வந்தது. ஓடும் கப்பலில் இருக்கும் காற்றுமானி, கப்பலின் வேகத்தையும் சேர்த்தே உணரும். அந்த 28 அப்படிப்பட்ட சார்புக் காற்று என்றால், உண்மைக் காற்று 22 தான். வரம்புக்குள் வருகிறது. தாளைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அந்தக் கருவியில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் சார்புக் காற்று, மறுபடி அழுத்தினால் உண்மைக் காற்று. திரையின் மூலையில் சார்புக் காற்றுக்கு ‘ஆர்’, உண்மைக் காற்றுக்கு ‘டி’ என்று ஓர் எழுத்து எரியும். அன்று எது எரிந்தது? பச்சை நிறத்தில் இருந்த 28 எனக்கு இப்போதும் கண்ணில் தெரிகிறது. அதன் பக்கத்தில் இருந்த எழுத்து தெரியவில்லை.

22-க்கும் 28-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். எங்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றி, அதை அதனாலேயே பெருக்கி, 18-ஆல் வகுத்தால், கப்பலின் பக்கவாட்டில் 1,000 சதுர மீட்டருக்கு எத்தனை டன் அழுத்தம் என்று கிடைக்கும். பெட்டிகள் அடுக்கிய அந்தக் கப்பலின் பக்கம் சுமார் 10,000 சதுர மீட்டர். காற்று 22 நாட் என்றால் எழுபது டன்னுக்குச் சற்று மேல். 28 என்றால் 115 டன். என்னிடம் இருந்தவை தலா 60 டன் இழுக்கும் இரண்டு இழுவைக் கப்பல்கள். முதல் கணக்கில் கையிருப்பு தாராளம். இரண்டாவதில் வெறும் ஐந்து டன்.

கப்பலைத் திருப்பும்போது பின் இழுவைக் கப்பலின் மாஸ்டர், “பைலட், முழு சக்தியும் கொடுத்துவிட்டேன்” என்று சொன்னது காதில் இருக்கிறது. எழுபது டன் காற்றுக்கு அவர் முழு சக்தி கொடுக்க வேண்டியிருக்குமா? உடனே இன்னொரு எண்ணம் வருகிறது: கப்பல் இன்னும் மூன்று நாட் வேகத்தில் முன்னேறிக்கொண்டிருந்தது. அப்படி ஓடும்போது இழுவைக் கப்பலின் பலத்தில் ஒரு பகுதி தன்னைச் சரியான இடத்தில் வைத்துக்கொள்வதற்கே போய்விடும். ஆக அதுவும் சான்று ஆகாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பதிவில் அந்த நேரத்துக் காற்று 21. அந்தக் காற்றுமானி நிற்பது கிட்டங்கிகளின் மறைவில். வாயிலில் என்ன அடித்தது என்று அதற்குத் தெரியாது.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. கப்பலின் பயணப் பதிவுக் கருவி காற்றின் அளவையும் பதிகிறது. அது சார்பா, உண்மையா என்பதையும் சேர்த்தே பதிய வேண்டும் என்பது விதி. 2014-க்குப் பிறகு பொருத்தப்பட்ட கருவிகளில் நீண்டகாலப் பதிவு 30 நாள் இருக்கும். ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். எதுவுமே நடக்காத ஒரு பயணத்தைப் பற்றி எதற்காகக் கேட்கிறேன் என்று விளக்க வேண்டியிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். 30 நாளும் போனது.

காற்றைவிட என்னை அதிகம் உறுத்துவது அந்த இளம் அதிகாரிதான். நூலேணி ஏறி, கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜுக்குப் போனதும், “காற்றை அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருங்கள்” என்று அவரிடம் கேட்டுக்கொண்டதே நான்தான். சொன்னார். 19, 21, 20, 24. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, தெளிவான குரலில். நான் ‘கஸ்ட்தான்’ என்ற பிறகு கரை சேரும்வரை ஐம்பது நிமிடம், காற்றைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இதே நான்தான் புதிய பைலட்டுகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். 2007 நவம்பர் 7 அன்று, மூடுபனியில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தின் அடித்தூணில் ‘காஸ்கோ பூசான்’ என்ற கன்டெய்னர் கப்பல் மோதியதைச் சொல்வேன். பைலட்டுக்கும் கேப்டனுக்கும் இடையே சரியான பேச்சு இல்லாததை விசாரணை அறிக்கை ஒரு காரணமாகச் சொன்னது என்பேன். பைலட் ஏறினாலும் கப்பலின் பொறுப்பு கேப்டனைவிட்டு நீங்குவதில்லை, பனாமா கால்வாய் போன்ற விலக்குகள் மிகச் சில என்பேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது இப்போதெல்லாம் எனக்கு நா கூசுகிறது. கேப்டன் தலையசைத்தார் என்பது உண்மை. ஆனால் அந்தத் தலையசைப்பை வாங்கியது என் குரலில் இருந்த உறுதி. அந்த உறுதிக்குப் பின்னால் எதுவும் இருக்கவில்லை.

அதே நேரம், தயங்கும் பைலட்டும் ஆபத்துதான். வாயிலில் வேகத்தைக் குறைத்து யோசித்தால் காற்று கப்பலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். உள்ளே போவதென்றால் முழு மனதோடு போக வேண்டும். இதை நான் இன்றும் நம்புகிறேன். மறுபடி அதே நான்கு நிமிடம் கிடைத்தால் உள்ளேதான் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். “திரையில் எந்த எழுத்து எரிகிறது?” என்று மட்டும் கேட்டிருப்பேன். ‘டி’ என்று பதில் வந்திருந்தால்? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் யோசனை நின்றுவிடுகிறது.

போன வாரம் அதே கப்பல் மறுபடி வந்தது. பட்டியலில் பெயரைப் பார்த்து, அந்த முறையை எனக்கு மாற்றிக்கொண்டேன். கேப்டன் வேறு. மூன்றாம் அதிகாரியும் வேறு. அந்த இளைஞர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். பிரிட்ஜில் காலை வைத்ததும் நேராகக் காற்றுமானியிடம் போனேன். திரையில் 11. மூலையில் ‘டி’ எரிந்துகொண்டிருந்தது. இந்த ஆறு மாதத்தில் அந்தப் பொத்தானை யார், எத்தனை முறை அழுத்தினார்களோ. என்ன தேடுகிறீர்கள் என்று கேப்டன் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.