ஆள் இல்லாத திரை

அம்பாசமுத்திரத்தில் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய ஸ்டுடியோவின் பின்சுவரில் ஒரு திரை தொங்கிக்கொண்டிருந்தது. பனி மூடிய மலையும், மலைக்குக் கீழே நீல ஏரியும், கரையில் ஊசியிலை மரங்களும், தண்ணீரில் இரண்டு அன்னங்களும் வரைந்த துணி அது. தாலி கட்டிய மறுநாள் வந்த தம்பதிகளும், மொட்டையடித்துக் காது குத்திய பிள்ளைகளும், துபாய்க்குப் புறப்படும் முன் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துவைக்க வந்தவர்களும் அந்த ஏரிக்கரையில்தான் நின்றார்கள். மொட்டைமாடிக்கு ஏறினால் மேற்கே பொதிகை மலை தெரியும். அதற்கு முன்னால் நிறுத்தி எடுங்கள் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்த ஆடியில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, ஆஸ்திரேலியாவின் தெற்குத் தீவான டாஸ்மேனியாவில் நான் எடுத்த படங்களை அப்பாவுக்குக் காட்டினேன். ஏழு நாள் பயணத்தில் எடுத்து, தேர்ந்து, திருத்தி வைத்திருந்த நாற்பது படங்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மடிக்கணினியின் முன் குனிந்து, ஒன்று விடாமல் பார்த்து முடித்தபின் அவர் கேட்டது இவ்வளவுதான்: "திரை எல்லாம் நல்லா வரைஞ்சிருக்கு. ஆளு எங்களா?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்வதானால் அந்தத் தீவின் தலைநகர் ஹோபார்ட்டில் குடியேறிய நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கணவரின் வேலையை ஒட்டி 2018இல் அங்கே போனோம். எங்கள் ஊருக்குப் பொதிகை நிற்பது போலவே, ஹோபார்ட்டுக்கு மேற்கே 1271 மீட்டர் உயரத்தில் ஒரு மலை நிற்கிறது. பூர்வகுடிகளின் மொழியில் அதற்கு வழங்கும் குனான்யி என்ற பெயரும், வெள்ளைக்காரர்கள் வைத்த வெலிங்டன் என்ற பெயரும் 2013 முதல் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தே வழங்குகின்றன. மாலையில் அந்த மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்ப்பது முதல் சில வாரங்கள் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகுதான் மற்றத் திசைகள் ஏமாற்றத் தொடங்கின. அங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். துணி காயப்போட வடக்கு முற்றம் வேண்டும், வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வியே வடக்கு ஜன்னலைப் பற்றியதாக இருக்கும். அப்பாவின் ஸ்டுடியோவில் கரண்ட் போய்விட்டால் வடக்கு ஜன்னலைத் திறந்து வைத்து, நேர்வெயில் படாத அந்த மெல்லிய வெளிச்சத்தில் முகங்களை எடுப்பார். ஹோபார்ட்டில் அந்த வெளிச்சம் தெற்கு ஜன்னலில் வருகிறது. இந்த எளிய விஷயம் தலைக்குள் இறங்க எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது.

கேமரா இருந்தது. புறப்படும்போது அப்பா வற்புறுத்திக் கொடுத்தனுப்பிய, விமான நிலையத்தில் எடைக்காகச் சண்டை போட வைத்த பழைய இரும்பு டிரைபாடும் இருந்தது. ஆனால் முதியோர் இல்லத்தில் இரவுப் பணி, மகனின் பள்ளி, ஊரில் நடக்கும் கல்யாணங்களை வாட்ஸ்அப்பில் பார்ப்பது என்று ஆறு ஆண்டுகள் ஓடின. அந்த நாட்டை நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. எந்த மலையைப் பார்த்தாலும் அது பொதிகை அளவுக்கு இல்லை என்று மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். என் தொந்தரவு தாங்காமலோ என்னவோ, 2024 ஏப்ரல் கடைசியில் ஒரு புகைப்படப் பயணத்துக்குக் கணவர் பணம் கட்டிவிட்டார். ஆறு பேர், ஒரு வேன், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் வழிகாட்டி.

முதல் நிறுத்தம் செயின்ட் கிளேர் ஏரி. ஆஸ்திரேலியாவிலேயே மிக ஆழமான ஏரி அதுதான். 160 மீட்டருக்கும் மேல் ஆழம். பூர்வகுடிகள் அதை லியாவுலென்னா என்கிறார்கள். உறங்கும் நீர் என்று பொருள். காலையில் காற்று எழும் முன் அந்த ஏரியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. டிரைபாடை விரித்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டி போகிறபோக்கில் ஒன்றைச் சொன்னார்: டெர்வெண்ட் ஆறு இங்கிருந்துதான் புறப்படுகிறது, ஹோபார்ட்டில் நீங்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. தாமிரபரணித் தண்ணீரில் கிண்டினால்தான் அல்வா அல்வாவாக இருக்கும் என்று வாதாடி வளர்ந்தவள் நான். பிழைக்க வந்த ஊரின் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்று ஆறு ஆண்டுகளாக ஒரு முறைகூடக் கேட்காமல் குடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அங்கிருந்து மேற்கே போகும் சாலையில், குவீன்ஸ்டவுனுக்கு முன்னால் நெல்சன் அருவி இருக்கிறது. சாலையிலிருந்து பத்து நிமிட நடைதான், ஆனால் நடப்பது குளிர்மழைக்காட்டுக்குள்ளே. மாஞ்சோலை மலையின் நாலுமுக்குத் தேயிலை எஸ்டேட்டில் மாமா வேலை பார்த்த காலத்தில் பள்ளி விடுமுறைகளை அங்கே கழித்ததால், மழைக்காடு என்றால் எனக்குச் சில்வண்டின் இரைச்சலும், உச்சிக்கொம்பில் சோலைமந்திகள் தாவும் சலசலப்பும்தான். இந்தக் காடு பேசவில்லை. மிர்ட்டில், சசாஃப்ராஸ் என்று அவர்கள் சொல்லும் மரங்கள் அடி முதல் நுனி வரை பாசி போர்த்து நிற்க, தண்ணீரின் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நாங்கள் போனபோது வெயில் அடித்தது. எல்லோரும் மகிழ்ச்சியோடு கேமராவை எடுத்தோம். வழிகாட்டி மூடச் சொன்னார். காட்டுக்குள் வெயில் விழுந்தால் இலைமேல் வெள்ளைத் திட்டுகளும் அடியில் கரிய குழிகளுமாகத்தான் படம் வரும், மேகம் வரட்டும் என்றார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேகம் வந்தது, பின்னாலேயே தூறலும் வந்தது. அதைச் சாரல் என்றுதான் என் மனம் படித்தது. குற்றாலத்தில் ஆனி மாதத்தில் முகத்தில் விழுமே, அதே நூல்மழை, ஆனால் எலும்பைத் தொடும் குளிரோடு. வெளிச்சம் எல்லா இலைகளிலும் ஒரே சீராகப் பரவியது. அப்பாவின் வெள்ளைக் குடை விளக்கை யாரோ வானம் முழுக்க விரித்தது போல இருந்தது. லென்சுக்கு முன் போலரைசர் பில்டரைத் திருப்பத் திருப்ப, ஈர இலைகளின் மேல் கிடந்த வெள்ளைப் பளபளப்பு விலகி, அடியிலிருந்து பச்சை எழுந்து வந்தது. அந்தப் பில்டர் வெளிச்சத்தை விழுங்குவதால் ஷட்டரை ஒரு நொடி வரை திறந்து வைக்க வேண்டியிருந்தது. மற்றவர்களின் கார்பன் டிரைபாடுகள் நீரோட்டத்தில் நடுங்கியபோது அப்பாவின் இரும்பு அசையவில்லை. அதன் எடையைத் திட்டியதற்காக அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.

அட்டைகளும் இருந்தன. கூட வந்த ஒருவர் கணுக்காலைப் பார்த்து அலறியபோது, என் பையிலிருந்த உப்புப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். மாஞ்சோலைப் பக்கம் போய் வந்த யாருக்கும் இது பாலபாடம். அன்று மாலை முதல் வேனில் என் மதிப்பு உயர்ந்தது.

மேற்குக் கரையோர ஊரான ஸ்ட்ரானில் படகேறி கார்டன் ஆற்றுக்குள் போனோம். புல்வெளிகளின் சாறு இறங்கி அந்த ஆறு கருப்பட்டிக் காப்பி நிறத்தில் கிடக்கிறது; அதனாலேயே கரைமரங்கள் அதில் கண்ணாடியைவிடத் தெளிவாகத் தலைகீழாக நிற்கின்றன. கரையில் ஹுவான் பைன் மரங்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் பருத்தால் அதிகம். 2000 ஆண்டுகளைத் தாண்டி வாழ்பவை உண்டு. அந்த மரம் ஊசியிலை வகையில் போடோகார்ப் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தென்னிந்தியக் காடுகளில் இயல்பாக வளரும் ஊசியிலை வகை மரம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் பக்கத்து மலைகளில் நரம்பாலி என்பார்கள். அதுவும் இதே குடும்பம். திருநெல்வேலிச் சீமையில் தூரத்துச் சொந்தத்தைக் கண்டுபிடிக்க நாலு கேள்வி போதும். இந்தச் சொந்தத்துக்கு ஆறு ஆண்டுகளும் ஒரு படகும் தேவைப்பட்டன.

அன்றிரவு விடுதியில் வழிகாட்டி சொன்ன கதைகள்தான் இந்தப் பயணத்தில் நான் எடுத்து வந்த படங்களைவிடப் பெரியவை. டாஸ்மேனியாவின் நிலக்காட்சிப் படங்களை உலகறியச் செய்த இருவருமே அகதிகளாக வந்தவர்கள். ஒலேகாஸ் டிருசானாஸ் லித்துவேனியர், 1948இல் வந்தவர். ஆண்டாண்டாக எடுத்த படங்கள் 1967 காட்டுத்தீயில் வீட்டோடு எரிந்து போக, மறுபடியும் முதலிலிருந்து எடுக்கத் தொடங்கினார். பெடர் ஏரி அணையில் மூழ்கும் முன் அதை மக்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று தன் படங்களைத் திரையிட்டார். ஏரி மூழ்கியது. 1972 ஜனவரியில் கார்டன் ஆறு அவரையும் கொண்டுபோனது. உடலைத் தேடிக் கண்டெடுத்தவர் அவருடைய மாணவர் போலிருந்த பீட்டர் டோம்ப்ராவ்ஸ்கிஸ். லாத்வியப் பெற்றோருக்கு 1945இல் ஜெர்மனியின் அகதி முகாமில் பிறந்து, 1950இல் தாயோடு வந்தவர். பனிமூட்டத்தில் பிராங்க்ளின் ஆறு வளையும் இடத்தை அவர் எடுத்த ஒரு படம், 1983 மார்ச் தேர்தலுக்கு முன் நாளிதழ்களில் முழுப்பக்கத்தில் வெளியானது; அந்த ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டத்தை அதே ஆண்டு ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. வந்தேறிகள் இருவர், உள்ளூர்க்காரர்களுக்கு அவர்களுடைய ஆற்றையே காட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் வழிகாட்டி அங்கே நிறுத்தவில்லை. அந்தப் படங்களில் ஆளே இல்லை என்பது பூர்வகுடிகளின் நெடுநாள் வருத்தம் என்றார். மனிதர் காலடி படாத காடு என்று உலகம் கொண்டாடிய அதே பிராங்க்ளின் கரையில் குட்டிகினா என்றொரு குகை இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர்கள் தீ மூட்டி, கல் ஆயுதம் செதுக்கி வாழ்ந்த தடயங்கள் 1981இல் வெளிவந்தன. ஆற்றைக் காப்பாற்றிய வாதங்களில் அந்தக் குகையும் ஒன்று.

கடைசி மூன்று நாள் கிரேடில் மலை. அதன் உச்சி 1545 மீட்டர். நான் அதைப் பார்க்கவே இல்லை. மூன்று நாளும் மழை, நடுவில் ஆலங்கட்டி. டவ் ஏரிக்கரையில் 1940இல் கட்டிய மரப் படகுக்கொட்டகைக்குப் பின்னால் மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை மட்டுமே இருந்தது. ஆனாலும் நாங்கள் வந்த காரியம் தரையில் நடந்துகொண்டிருந்தது. ஃபேகஸ் என்ற குட்டை மரம், ஆஸ்திரேலியாவில் குளிருக்கு இலையுதிர்க்கும் ஒரே நாட்டு மரம், ஏப்ரல் கடைசியில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பற்றியெரிகிறது. முழங்காலிட்டு, கேமராவுக்குக் குளியல் தொப்பி மாட்டி, நனைந்துபோன இலைகளை மணிக்கணக்கில் எடுத்தேன். பக்கத்தில் வால்டைம் என்ற மரவீடு. ஆஸ்திரியாவிலிருந்து வந்த குஸ்டாவ் வைண்டார்ஃபர் 1912இல் மனைவி கேட் என்பவருடன் சேர்ந்து கட்டியது. இன்று நிற்பது மறுபடி கட்டியதுதான். கேட் 1916இல் இறந்தபின் அந்தக் குளிரில் அவர் தனியாகவே வாழ்ந்து, 1932இல் அங்கேயே இறந்தார். வீட்டுக்குள் நின்றபோது காட்டைவிட அந்தத் தனிமைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைப் படமெடுக்கத் தோன்றவில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போன கூட்டம் வீடு திரும்பிக்கொண்டிருந்த நாட்களில், வாசல் திண்ணையில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கும் அந்தக் கூட்டத்தை அப்பா பல ஆண்டுகள் படமெடுத்தவர். அந்த மலைப் பழங்குடிகளான மயிலாறு, இஞ்சிக்குழிக் காணிக்காரர்களைத் தெரியும். "நம்ம மலையில ஆளில்லாத இடம் எது? உச்சியில அகத்தியரே உக்காந்திருக்காரு. அவரும் வடக்க இருந்து வந்த ஆளுதான்" என்றார். சிவன் கல்யாணத்தைப் பார்க்க விடாமல் தெற்கே அனுப்பப்பட்டவருக்கு, பாபநாசத்தில் மணக்கோலக் காட்சி கிடைத்ததாக ஐதீகம். வாட்ஸ்அப்பில் பார்த்த கல்யாணங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

புறப்படுவதற்கு முந்தைய நாள், கைப்பேசியில் கிடந்த இன்னொரு படத்தைக் காட்டினேன். டவ் ஏரிக்கரையில் வழிகாட்டி என்னைக் கேட்காமல் எடுத்தது. மஞ்சள் மழைக்கோட்டில் நான், அப்பாவின் டிரைபாடின் மேல் குனிந்து நிற்கிறேன், பின்னால் வெள்ளை.

"மலை எங்களா?"

"மேகத்துக்குள்ள இருக்குப்பா."

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதப் பெரிசு பண்ணி பிரேம் போட்டுக் கொண்டா" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "தாடையக் கொஞ்சம் நிமித்தியிருக்கலாம்."