நடுவில் ஒரு கோடு

"சித்தப்பா, எனக்கு இது வராது போல."

காட்பாடியில் அண்ணன் வீடு. மகள் லேப்டாப்பை மூடப் போனாள். பைத்தான் மொழியில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோவில், புது ப்ராஜெக்ட் தொடங்கும் ஸ்டார்ட்ப்ராஜெக்ட் கட்டளை மூன்றாவது முறையாக மறுத்திருந்தது.

அவள் வைத்த பெயர்: வேலூர், ஒரு சின்னக் கோடு, ஃபோர்ட்.

அந்தக் கோடுதான். ப்ராஜெக்ட் பெயரே பைத்தான் பேக்கேஜுக்கும், அதாவது கோட் இருக்கும் ஃபோல்டருக்கும், பெயராகிறது. பைத்தானுக்கு அது கழித்தல் குறி. வேலூரிலிருந்து கோட்டையைக் கழி என்று படிக்கும்!

அந்தக் குறியைக் கீழே இறக்கி அடிக்கோடாக்கினோம். சத்தமில்லாமல் ஃபோல்டர் வந்தது.

பெயர் செல்லாது என்று பிழைச் செய்தி முதலிலேயே சொல்லியிருந்தது, ஆங்கிலத்தில். இவள் தமிழ் வழியில் படித்தவள். தன்னையே குறை சொல்லிக்கொண்டாள். இப்படி எத்தனை பிள்ளைகள் மூடி வைத்தார்களோ, மனசு கேட்கவில்லை.

அப்புறம் வெப்சைட்டை ஓடவைக்கும் ரன்சர்வர் கட்டளை கொடுத்தோம். திரையில் ராக்கெட், எல்லாம் சரி என்று ஜாங்கோ காட்டும் படம். "அம்மா, இங்க வாயேன்!"