சிம் மாற்றினால் முரண்டு பிடிக்கும் கைப்பேசி

உறவினர் ஒருவர் புதிய கைப்பேசி வாங்கியதும், இரண்டு ஆண்டுகள் தாம் பயன்படுத்திய பழைய கைப்பேசியை என்னிடம் கொடுத்தார். திரையில் ஒரு கீறல்கூட இல்லை. மின்கலமும் நன்றாகவே இருந்தது. என் சிம் அட்டையைப் போட்டு இயக்கியபோது, அந்த சிம் இந்தக் கருவியில் செல்லாது என்ற பொருளில் ஒரு வரி திரையில் வந்து நின்றது. அட்டையைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மீண்டும் போட்டேன், வேறொரு நிறுவனத்தின் சிம்மையும் போட்டுப் பார்த்தேன், பலனில்லை. உறவினரின் பழைய சிம்மைப் போட்டதும் மறுபேச்சில்லாமல் வேலை செய்தது. கருவியில் பழுது ஏதுமில்லை, அது ஒரே ஒரு சேவை நிறுவனத்துக்கு வாக்கப்பட்ட கைப்பேசி என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தப் பூட்டைத் திறக்க எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. அவற்றில் இரண்டு வாரங்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்பது தெரியாமல் அலைந்ததில் வீணானவை.

அலைச்சலுக்கு முதல் காரணம், ‘போன் லாக் ஆகியிருக்கிறது’ என்று நாம் பொதுவாகச் சொல்வது நான்கைந்து வெவ்வேறு பூட்டுகளைக் குறிக்கிறது என்பதே. சிம் அட்டைக்கென்று ஒரு பின் எண் உண்டு. அதை மூன்று முறை தவறாக இட்டால் எட்டு இலக்க பி.யூ.கே. எண் கேட்கும், அதைச் சிம் கொடுத்த நிறுவனமே தர வேண்டும். முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு கருவியிலிருந்து நீக்கப்படாமல் இருந்தால் அது இன்னொரு பூட்டு. அதைத் திறக்க அவருடைய கடவுச்சொல் வேண்டும். திருடு போனதாகப் புகார் செய்யப்பட்ட கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண், கறுப்புப் பட்டியலில் ஏறியிருந்தால், அது பூட்டே அன்று, தடை. நெட்வொர்க் பூட்டைத் திறந்துவிட்டாலும் அந்தத் தடை அப்படியே இருக்கும். இயங்குதளத்தை மாற்றி அமைக்க விரும்புவோர் பேசுகிற பூட்லோடர் (இயங்குதளத்தை ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரல்) பூட்டு முற்றிலும் வேறு சங்கதி. என் கைப்பேசியில் இருந்தது இவற்றில் எதுவும் இல்லாத ஐந்தாவது வகை, அதாவது நெட்வொர்க் லாக் அல்லது சிம் லாக் எனப்படுவது.

இந்தப் பூட்டு வேலை செய்யும் விதம் நான் எண்ணியதைவிட எளிமையானது. ஒவ்வொரு சிம்மிலும் ஐ.எம்.எஸ்.ஐ. எனப்படும் சந்தாதாரர் எண் ஒன்று பதிந்திருக்கிறது. அது பெரும்பாலும் 15 இலக்கங்கள் கொண்டது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக 234 பிரிட்டனுக்கும், 404, 405 ஆகியவை இந்தியாவுக்கும் உரியவை. அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் அந்த நாட்டில் உள்ள சேவை நிறுவனத்தைக் குறிக்கும். கைப்பேசி இயங்கத் தொடங்கும்போது இந்த இலக்கங்களைப் படித்து, தனக்குள் பதிந்துவைத்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் நெட்வொர்க்கில் சேர்கிறது. பொருந்தாவிட்டால் அவசர அழைப்பு தவிர வேறெதற்கும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் வைஃபை, கேமரா, செயலிகள் ஆகிய மற்ற எல்லாமே வழக்கம்போல் இயங்கும். பழைய கைப்பேசி விற்பவர் வைஃபையில் இணைத்துக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பவைக்க முடிவது இதனால்தான். அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதியும் இ-சிம்முக்கும் இதே கதைதான்: பூட்டிய கைப்பேசியில் வேறு நிறுவனத்தின் இ-சிம்மை ஏற்ற முடியாது.

கைப்பேசித் தொழில்நுட்பத் தர விதிகள் இந்தப் பூட்டை ஐந்து அளவுகளில் வகுத்திருக்கின்றன. ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும், அந்த நெட்வொர்க்கின் ஒரு பகுதிக்கு மட்டும், அந்த நெட்வொர்க்கின் வழியே சேவை விற்கும் ஒரு நிறுவனத்துக்கு மட்டும், ஒரு குறிப்பிட்ட அலுவலகத்தின் இணைப்புகளுக்கு மட்டும், இறுதியாக ஒரே ஒரு சிம்முக்கு மட்டும் என்று அது இறுகிக்கொண்டே போகலாம். இவற்றுள் மூன்றாவது வகைதான் பலரைக் குழப்புகிறது. சொந்தக் கோபுரங்கள் இல்லாமல், பெரிய நிறுவனத்தின் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறிய நிறுவனத்திடம் வாங்கிய கைப்பேசி, அந்தப் பெரிய நிறுவனத்தின் சிம்மையே ஏற்க மறுக்கக்கூடும். இரண்டும் ஒரே கோபுரத்தைத்தானே பயன்படுத்துகின்றன என்று வாதிட்டுப் பயனில்லை.

சரி, சாவி எங்கே இருக்கிறது? இதற்கு விடை காலத்தோடு மாறியிருக்கிறது. பழைய நோக்கியா கைப்பேசிகளில் திறப்பு எண்ணை ஐ.எம்.இ.ஐ. எண்ணிலிருந்தே கணக்கிட முடிந்தது. அந்தக் கணக்கு வெளியில் கசிந்ததும், யார் வேண்டுமானாலும் கணினியில் ஒரு சிறு நிரலை ஓட்டி எண்ணைப் பெற்று, விசைப்பலகையில் தட்டித் திறந்தார்கள். ஐந்து முறை தவறினால் அந்த வழி அடைபட்டுவிடும் என்பது மட்டுமே கட்டுப்பாடு. பின்னர் வந்த பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், எந்தக் கணக்குக்கும் சிக்காத தனி எண் ஒவ்வொரு கருவிக்கும் வழங்கப்பட்டு, அந்தப் பட்டியல் தயாரிப்பாளரிடமும் சேவை நிறுவனத்திடமும் மட்டுமே இருந்தது. ஐபோனிலோ தட்டுவதற்கு எண் என்று எதுவுமே இல்லை. ஒரு கருவி பூட்டப்பட்டதா திறந்ததா என்பது ஆப்பிள் நிறுவனத்தின் வழங்கியில் (சர்வரில்) உள்ள ஒரு பதிவு. விற்ற சேவை நிறுவனம் தகவல் அனுப்பினால் அந்தப் பதிவு மாறுகிறது, கைப்பேசி அடுத்த முறை இணையம் வழியே கேட்டறிந்து தானும் மாறிக்கொள்கிறது. ஆக, இன்று திறப்பது என்பது கருவியில் செய்யும் வேலை அன்று. யாரோ ஒருவருடைய பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தச் செய்யும் வேலை. இதை முதல் நாளே அறிந்திருந்தால் பழுது நீக்கும் மேசைகளின் முன் நான் நின்றிருக்க மாட்டேன்.

அந்தப் பதிவேட்டுக்கு முந்தைய காலத்தின் முரட்டுத்தனத்தில் ஒரு கவர்ச்சி இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2007 ஜூன் மாதம் ஐபோன் அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. என்ற கைப்பேசிச் சேவை நிறுவனத்துக்கு மட்டும் உரியதாக விற்பனைக்கு வந்தது. இரண்டு மாதம் முடிவதற்குள், 17 வயது ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் கருவியைப் பிரித்து, உள்ளே சால்டரிங் செய்து அந்தப் பூட்டை உடைத்துக் காட்டினார். அப்படித் திறந்த ஐபோன் ஒன்றைக் கொடுத்து, நிசான் கார் ஒன்றையும் பூட்டிய ஐபோன்கள் மூன்றையும் மாற்றாகப் பெற்றுக்கொண்டார்.

நிறுவனங்கள் பூட்டுவதற்குச் சொல்லும் காரணம் முழுக்கப் பொய்யன்று. விலையுயர்ந்த கைப்பேசியைக் குறைந்த முன்பணத்துக்கோ தவணைக்கோ கொடுத்துவிட்டு, மாதக் கட்டணத்தின் மூலம் அந்தப் பணத்தைத் திரும்ப எடுப்பது அவர்கள் வணிகம். பூட்டு இல்லையென்றால், ஒரு தவணை கட்டிவிட்டுக் கருவியைக் கடல் கடத்தி விற்பவர்களை எப்படித் தடுப்பது என்று கேட்கிறார்கள். கடன் தீரும்வரை அடகுப் பொருள் கடைக்காரரிடம் இருப்பது போன்ற ஏற்பாடு இது என்று கொண்டால் எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை. கடன் தீர்ந்த பிறகும், கேட்டால்தான் திறப்போம், கட்டணம் கொடுத்தால்தான் திறப்போம் என்று இருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அடகு மீட்டவர் மறுபடியும் மனுப் போட்டு நகையைக் கேட்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் சொல்வது?

சட்டங்களும் மெல்ல இந்தப் பக்கம் வந்திருக்கின்றன. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிய கைப்பேசிகளைப் பூட்டில்லாமலே விற்க வேண்டும், பழையவற்றைக் கட்டணமின்றித் திறந்து தர வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், பூட்டிய கைப்பேசிகளை விற்பதை 2021 டிசம்பர் 17 முதல் தடை செய்தது. ஜப்பானும் அதே ஆண்டு அக்டோபர் முதல் சிம் லாக்கைப் பொதுவாக நிறுத்தியது. அமெரிக்காவின் கதைதான் விசித்திரமானது. அங்கு 2013 ஜனவரி 26க்குப் பிறகு வாங்கிய கைப்பேசியை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது, எண்ணிம (டிஜிட்டல்) பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றம் என்ற நிலை உருவானது. நாம் விலை கொடுத்து வாங்கிய கருவியில் சிம் மாற்றுவதற்கும் பதிப்புரிமைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுச் செய்தார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று கையெழுத்தான சட்டம் அந்த உரிமையைத் திருப்பித் தந்தது. ஆனால் அது பூட்டி விற்பதைத் தடுக்கவில்லை.

எனவே பூட்டிய கைப்பேசி கைக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியது, அது உண்மையிலேயே பூட்டியதா என்று பார்ப்பது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று சென்றால் ‘கேரியர் லாக்’ என்ற வரி இருக்கும். அதில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்று காட்டினால் பூட்டு இல்லை. மற்றக் கைப்பேசிகளில், பயன்பாட்டில் உள்ள வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பூட்டியதுதான் என்று உறுதியானால், *#06# என்று அழுத்தி வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக்கொண்டு, கைப்பேசியை முதன்முதலில் விற்ற நிறுவனத்தை அணுக வேண்டும். நாம் இனிமேல் சேரப்போகும் நிறுவனத்தால் இதில் எதுவும் செய்ய முடியாது. நான் இரண்டு வாரங்கள் தட்டிக்கொண்டிருந்தது அந்தத் தவறான கதவைத்தான். தவணை முழுதும் கட்டப்பட்டிருக்க வேண்டும், குறிப்பிட்ட நாட்கள் அந்த நெட்வொர்க்கில் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும், திருட்டுப் புகார் இருக்கக் கூடாது என்பவை வழக்கமாகக் கேட்கப்படும் நிபந்தனைகள். பழைய கைப்பேசியாக இருந்தால், நிலுவை யாருடைய கணக்கில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது; ஆகவே கொடுத்தவரையே பேசச் சொல்வது நல்லது. ஒப்புதல் கிடைத்தபின், கருவியின் வகையைப் பொறுத்து ஓர் எண் வரும், அல்லது கைப்பேசியில் உள்ள செயலி வழியே திறக்கும், அல்லது புதிய சிம்மைப் போட்டு வைஃபையில் இணைத்தாலே போதும். எண் வந்தால் நிதானமாகத் தட்ட வேண்டும். தவறுகளுக்குக் கணக்கு உண்டு.

இடையில் நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்தால் எந்தக் கைப்பேசியையும் திறந்து தருவதாக விளம்பரம் செய்த ஓர் இணையதளத்தில் பணம் கட்டினேன். மூன்று நாளில் வரும் என்ற பதில் பத்தாம் நாளும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. இத்தகைய தளங்கள் எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையாகவே திறந்து தருபவர்களும், முன்பு சொன்ன பதிவேட்டை எப்படியோ எட்டியாக வேண்டும். அந்த ‘எப்படியோ’ எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு சாட்சி. ஏ.டி. அண்டு டி. ஊழியர்களுக்குக் கையூட்டுக் கொடுத்து, அந்நிறுவனத்தின் கணினிகளில் தீநிரலைப் புகுத்தி, பல ஆண்டுகளாக 19 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசிகளைத் திறந்துவிட்ட ஒருவருக்கு 2021 செப்டம்பரில் 12 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிம்மோடு ஒட்டிவைக்கும் மெல்லிய சில்லு ஒன்றும் விற்கிறார்கள். அது கைப்பேசிக்குப் பழைய நிறுவனத்தின் எண்ணைக் காட்டி ஏமாற்றுகிறது. மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று வந்ததும் அந்த ஏமாற்று அம்பலமாகி, கைப்பேசி மீண்டும் வாய்மூடிக்கொள்ளும்.

பூட்டு திறந்துவிட்டால் எந்த நெட்வொர்க்கிலும் எல்லாம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். கைப்பேசியின் ரேடியோ எந்த அலைவரிசைகளுக்கு ஏற்ப அமைந்ததோ அவற்றை மட்டுமே அது கேட்கும். புதிய நிறுவனம் வேறு அலைவரிசையில் 4ஜி, 5ஜி கொடுத்தால் சிக்னல் மெலிந்துதான் வரும். பல நாடுகளில் 3ஜி நிறுத்தப்பட்டுவிட்டதால் குரல் அழைப்புகள் வோல்ட்டி வழியே, அதாவது 4ஜி நெட்வொர்க்கிலேயே, செல்கின்றன. சில நிறுவனங்கள் தாங்கள் சோதித்து ஏற்ற மாதிரிகளுக்கு மட்டுமே அதை அனுமதிக்கின்றன. இணையம் கிடைத்தும் அழைப்பு போகாத கைப்பேசி உருவாவது இப்படித்தான்.

இறுதியில் என் உறவினரே விற்ற நிறுவனத்தை அழைத்தார். தவணை எப்போதோ முடிந்திருந்தது. இரண்டு நாளில் ஒப்புதல் வந்தது. வைஃபையில் இணைத்து என் சிம்மைப் போட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, திரையின் மூலையில் என் நிறுவனத்தின் பெயரைக் காட்டியது. இணையம் வந்தது, அழைப்பும் போயிற்று. 5ஜி மட்டும் இன்றுவரை வரவில்லை.