அக்குள் மேடும் ஆர்ம்ஹோலும்

சேலம் அம்மாப்பேட்டையில் ஜாக்கெட் தைக்கிறேன். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை நெருங்கினால் தலை நிமிர நேரம் இருக்காது. "கை ஓரத்துல சதை பிதுங்குதுக்கா, உடம்பைக் குறைக்கணும்" என்று அந்த அவசரத்திலும் யாராவது வெட்கப்படுவார்கள். பார்த்தால் இடுப்பில் ஒரு மடிப்பு இருக்காது, அக்குளில் மட்டும் மேடு. எனக்கும் அதே உண்டு என்பதால் சட்டென்று தெரிந்துவிடும்.

அது பல நேரம் மார்புத் திசுவாக இருக்கும். கரு உருவாகி ஆறாவது வாரம் வாக்கில் அக்குளிலிருந்து தொடை இடுக்கு வரை இரண்டு பக்கமும் 'பால் கோடு' தோன்றும். மார்பு வரும் இடம் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிட வேண்டும். சிலருக்கு அக்குளில் கொஞ்சம் தங்கிவிடுகிறது. வயசுக்கு வரும்போதோ கர்ப்பத்திலோதான் அது தலைகாட்டும். பட்டினி கிடந்தாலும் க்ரீம் தேய்த்தாலும் அந்தச் சுரப்பி கரையாது. காசுதான் கரையும்.

என் மகள் பிறந்து பால் கட்டினபோது இரண்டு அக்குளும் எலுமிச்சம்பழ அளவுக்கு இறுகிவிட்டன. கையைத் தொங்கவிட முடியவில்லை. மாமியார் சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்துப் பிழிந்துவிட உட்கார்ந்தார். நர்ஸம்மாதான் தடுத்தார். "அமுக்காதீங்கம்மா, அமுக்கினா இன்னும் ஊறும். ஐஸைத் துணியில சுத்தி வைங்க. பாப்பாவுக்கு எப்பவும்போல பால் குடுக்கட்டும்." எனக்கு அக்குளில் காம்பு கிடையாது, பால் வெளியே வர வழியில்லை. சீண்டாமல் விட்டதில் சுரப்பு தானாக அடங்கியது. மேடு போகவில்லை. மாதவிலக்குக்கு முன்னால் லேசாக வலிக்கும், அவ்வளவுதான்.

அதற்காக ஸ்கேன் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். கொழுப்புக் கட்டியும் நெறிக்கட்டியும்கூட அங்கே வரும். மார்பில் வரக்கூடிய எந்த நோயும், அபூர்வமாகப் புற்றுநோயும், இந்தத் திசுவிலும் வரலாம். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக வளர்ந்தால் சர்ஜனிடம் காட்டியே ஆகவேண்டும். நாற்பது தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) சொல்வார்கள்.

ஏற்காட்டிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர் ஆபரேஷனே செய்துகொண்டார். காப்பித் தோட்ட வேலை. கூடைப் பட்டையும் கையும் உரசி உரசிப் புண்ணாகிவிட்டது, அவருக்கு அது நியாயம். கொழுப்பை மட்டும் உறிஞ்சினால் சுரப்பி தங்கிவிடும் என்று வெட்டியே எடுத்திருக்கிறார்கள். நீர் கோக்காமலிருக்க ஒரு டியூப் வைத்திருந்தார்கள். தழும்பு மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது. மேல்கையின் உள்பக்கம் கொஞ்சம் மரத்துப்போயிருக்கிறதாம், இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லித்தான் செய்தார்களாம்.

ஜாக்கெட் சரியாக உட்காரவில்லை என்பதற்காக மட்டும் கத்தி வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஆர்ம்ஹோலை, அதாவது கை இணையும் வளைவை, இறக்கி வெட்டி, அக்குளில் ஒரு சதுரத் துண்டு ஒட்டுக் கொடுத்தால் கை தாராளமாக ஏறும். லைனிங் மெத்தென்ற காட்டனாக இருக்கட்டும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் வீங்கும் என்றால், அளவு கொடுக்கும்போதே டெய்லரிடம் சொல்லி உள்பிடிப்பை (தையலுக்கு உள்ளே விடும் துணியை) அரை இஞ்ச் கூட விடச் சொல்லுங்கள்.