கிள்ளிப் பார்க்கும் விரல்

ஃபெல்ட் என்றதும் பலருக்கு ஸ்டேஷனரி கடையில் விற்கும் கலர் ஷீட்தான் நினைவுக்கு வருகிறது. அது பெரும்பாலும் பாலியெஸ்டர். கோத்தகிரியில் 12 வருடமாக நான் செய்வது செம்மறி ஆட்டு ரோமத்தை நெய்யாமல் இறுக்கி எடுக்கும் துணி.

இதற்குத் தறியும் வேண்டாம், நூலும் வேண்டாம். சீவிய ரோமத்தை ஒரு அடுக்கு நெடுக்காக, அடுத்தது குறுக்காகப் பரப்பி, சுடுதண்ணீரும் சோப்பும் தெளித்து, கொசுவலை போட்டுத் தேய்க்க வேண்டும். ரோமத்தின் மேலே இருக்கும் நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அப்புறம் பாயில் சுருட்டி மணிக்கணக்காக உருட்டணும். ஒருமுறை இறுகிவிட்டால் பிரிக்கவே முடியாது. நம்தா என்ற காஷ்மீர் விரிப்புக்கும் இதே வேலைதான். சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்ற பழங்காலக் கல்லறைகளின் உறைபனிக்குள் கிடைத்த ஃபெல்ட் 2,000 வருடங்களுக்கு மேல் பழசு. அதை நினைக்கும்போதெல்லாம் என் கைக்கு ஒரு தெம்பு வரும்.

முதலில் மெரினோ என்ற வெளிநாட்டு ஆட்டின் மெல்லிய ரோமத்தைத்தான் வாங்கினேன். நம் மலையிலேயே நீலகிரி செம்மறி ஆடு இருக்கிறதே என்று பிறகுதான் உறைத்தது. கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆட்டினங்கள் கலந்து உருவான இனம். இன்று எண்ணிக்கை குறைந்துவிட்டது. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் காப்பாற்றி வளர்க்கிறார்கள். ஆடு வளர்க்கும் ஒரு அண்ணனிடம் ரோமம் கேட்டேன். "செடிக்கு அடியில போடுறதும்மா இது, இதுக்கா காசு?" என்றார். முதல் மூட்டைக்குக் காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

அந்த ரோமத்தில்தான் பெரிய அடி வாங்கினேன். ஒரு விடுதிக்கு 6 அடிச் சுவர்ப்படம். அடியில் நீலகிரி, மேலே மெரினோ. இரண்டும் ஒரே அளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மெரினோ வேகமாக இழுக்க, அடியிலிருந்த முரட்டு ரோமம் அசையவில்லை. இரண்டாம் நாள் விரித்தபோது முகப்பு முழுக்க மடிப்பு மடிப்பாகப் புடைத்து நின்றது. விடுதிக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். இரவெல்லாம் அழுதேன்.

பின்கட்டில் மாட்டி வைத்திருந்தேன். சில மாதம் கழித்து ஒரு காலை, சாய்வெயில் அதன்மேல் விழுந்தது. ஒவ்வொரு மடிப்பும் ஒரு சரிவு, நடுவே நிழல். ஜன்னலுக்கு வெளியே தேயிலைக் காடும் அப்படியேதான் கிடந்தது. இத்தனை வருடம் வண்ணத்தால் வரையப் பார்த்த மலையை ரோமம் தானே எழுப்பியிருந்தது. அன்றிலிருந்து அந்தச் சுருக்க வித்தியாசத்தை வைத்தே வேலை செய்கிறேன். ஒவ்வொரு மூட்டையிலும் 30 செ.மீ. சதுரம் செய்து பார்ப்பேன். போன மூட்டையில் மெரினோ 19-க்கு வந்தது, நீலகிரி 24-இல் நின்றுவிட்டது. நோட்டில் எழுதி, பக்கத்தில் அந்தத் துண்டையும் தைத்து வைக்கிறேன். சாயத்துக்குக் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை, வெங்காயத் தோல்.

உதவிக்கு வரும் பெண் நேற்று, "அக்கா, போதுமா?" என்று கேட்டாள். கிள்ளித் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். துணி மொத்தமாக எழும்பினால் முடிந்தது என்று அர்த்தம். அவள் விரலோடு நாலைந்து இழை தனியாக வந்தது. நான் சொல்லும் முன்பே பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.