வாய் திறக்காத தொமஸ்

நேற்று கல்லடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் ஃபோனில் தொமஸ் என்ற ரயில் எஞ்சின் வரும் ஆங்கிலச் சிறுவர் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் தொமஸ் வாயை அசைத்துப் பேசுது! மனசு ஒருமாதிரி ஆயிற்று.

90களில் லண்டனிலிருந்து பெரியம்மா அனுப்பிய ஒரே ஒரு தொமஸ் வீடியோ கசற். கரன்ட் இல்லாததால் கார் பற்றரியில் கறுப்பு வெள்ளை ரிவி. பற்றரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கும். தொமஸ் நீலம், அதில் வரும் இன்னொரு எஞ்சின் ஜேம்ஸ் சிவப்பு என்பதே கசற் உறையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஊருக்குக் கோச்சி (ரயில்) ஒழுங்காக வராத காலம் அது. எனக்குத் தெரிந்த கோச்சி தொமஸ்தான்.

1984இல் இந்தத் தொடர் தொடங்கியபோது எல்லாமே தண்டவாளத்தில் ஓடிய நிசமான மாதிரி வண்டிகள். முகத்தைக் கழற்றி வேறு முகம் மாட்டுவார்கள். கண் மட்டும் உருளும். அந்தக் கண் ஒரு பக்கம் மெல்லத் திரும்பினாலே தொமஸுக்குக் கவலை என்று விளங்கிவிடும். 2008இல் முகங்களைக் கணினியில் செய்தார்கள், அடுத்த வருசம் முழுவதும் கணினிக்குப் போய்விட்டது. இப்போது பளபளப்பு இருக்கு, வேகம் இருக்கு. ஆனால் அந்தப் புகை இல்லை. அது உண்மைப் புகை, காற்றில் கலைந்து போகும்.

சரி, மருமகனுக்கு இதுதான் தொமஸ். அவன் சந்தோசமாகப் பார்க்கட்டும்.

அந்தக் கசற் இன்னும் அம்மாவின் அலுமாரியில் இருக்கு. நாடாவில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. துடைத்துப் படத்தை எடுத்துத் தரக்கூடிய ஆள் மட்டக்களப்பில் யாராவது இருந்தால் சொல்லுங்க.