ஒரே பைல், இரண்டு தீர்ப்பு

தர்மபுரி கோர்ட் பக்கம் உச்ச நீதிமன்றத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் கடைசியில் பஸ் எரிப்பு வழக்கில்தான் போய் நிற்கும். 2000 பிப்ரவரி 2ஆம் தேதி இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பஸ்ஸுக்குத் தீ வைத்ததில் மூன்று பெண்கள் கருகிப் போனார்கள். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அன்றைக்கு ராத்திரி எங்கள் தெருவில் யாரும் சத்தமாகப் பேசவில்லை என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வழக்கு முதலில் கிருஷ்ணகிரியில் நடந்தது, சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள், இறந்துபோன ஒரு பெண்ணின் அப்பா உயர் நீதிமன்றம் வரைக்கும் போனபிறகு விசாரணை சேலத்துக்கு மாறியது. 2007இல் சேலம் கோர்ட் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது. அப்புறம் 2016 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் சீராய்வு மனுவை (கொடுத்த தீர்ப்பையே திரும்பப் பார்க்கச் சொல்லும் மனு) கேட்டு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். சாட்சியம் மாறவில்லை, பைல் அதே பைல்தான். முதல் அமர்வின் கண்ணில் பட்டது, ஒன்றும் அறியாத பிள்ளைகளுக்கு நடந்த கொடூரம். இரண்டாவது அமர்வின் கண்ணில் பட்டது, கும்பல் வெறியில் முன்திட்டம் இல்லாமல் நடந்த காரியம் என்பது.

இங்கே யார் செய்தது சரி என்று நான் வாதாட வரவில்லை. ஒரு மனிதன் தூக்கில் தொங்குவதும் தொங்காததும் எந்த அமர்வு முன்னால் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்து இருக்கிறதா? இந்தக் கேள்விதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இதற்கு ஒரு தீர்ப்பை நூறு தடவை படித்தாலும் பதில் கிடைக்காது. எல்லாத் தீர்ப்புகளையும் பரப்பி வைத்து எண்ண வேண்டும்.

அப்படி எண்ணியவர்கள் இருக்கிறார்கள். 1950 முதல் 2006 வரை உச்ச நீதிமன்றம் கொடுத்த மரண தண்டனைத் தீர்ப்புகளை அம்னெஸ்டி இன்டர்நேஷனலும் தமிழ்நாடு - புதுச்சேரி பியூசிஎல்லும் (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) சேர்ந்து ஆய்வு செய்து 2008இல் அறிக்கையாகக் கொண்டுவந்தன. 1980இல் பச்சன் சிங் வழக்கில் "அரிதினும் அரிதான" வழக்குக்கு மட்டும் தூக்கு என்று அளவுகோல் வைத்த பிறகும், ஒரே மாதிரி குற்றத்துக்கு ஒரு அமர்வில் தூக்கும் இன்னொரு அமர்வில் ஆயுளும் வந்ததை அந்த அறிக்கை வழக்கு வழக்காகக் காட்டியது. அதே 2008இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றமே, தூக்கா ஆயுளா என்பது அமர்வில் உட்காரும் நீதிபதிகளின் சொந்த மனச்சாய்வைப் பொறுத்தும் நிறைய மாறுகிறது என்று ஒப்புக்கொண்டது. இதை வக்கீல் சொன்னால் ஆதங்கம் என்பார்கள். நீதிமன்றமே எழுதியிருக்கிறது.

அமெரிக்காவில் இந்த வேலை கொஞ்சம் சுலபம். அங்கே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் பெரும்பாலும் ஒன்றாகவே உட்காருவதால், ஹெரால்ட் ஸ்பேத் என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் தொடங்கிய தரவுத்தளத்தில் யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்று வழக்குவாரியாகப் பார்த்துவிடலாம். நம்மிடம் தலைமை நீதிபதியோடு சேர்த்து 34 பேர், பெரும்பாலும் இரண்டிரண்டு பேராக உட்காருகிறார்கள், மாறுபட்ட தீர்ப்பு அபூர்வம், எந்த வழக்கு எந்த அமர்வுக்கு என்பது தலைமை நீதிபதி கையில். அதனால் தனி நீதிபதியின் மனசைப் பிரித்து எடுப்பது கஷ்டம்.

நானும் ராத்திரியில் ஒரு நீள நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்: தேதி, அமர்வு, எந்த உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது, முடிவு. 2023இலிருந்து உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் திரட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது எங்களைப் போல ஜில்லா கோர்ட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய உபகாரம். முதல் மூன்று கட்டமும் சீக்கிரம் நிரம்பிவிடும், "முடிவு" கட்டத்தில்தான் பேனா நிற்கும். குற்றம் உறுதி, தண்டனை குறைப்பு என்றால் மனு வென்றதா தோற்றதா? பஸ் வழக்கையே எடுங்கள். 2010க்கு ஒரு வரி, 2016க்கு ஒரு வரி என்று இரண்டாக எழுதினால் ஒரே வழக்கு இரண்டு தடவை எண்ணப்படும். கடைசி முடிவை மட்டும் எழுதினால் நான் தேடுகிற வித்தியாசமே நோட்டிலிருந்து காணாமல் போய்விடும். ஒரு வாரம் யோசித்து, இரண்டு வரியாகவே எழுதி ஓரத்தில் ஒரு கோட்டால் இணைத்து வைத்தேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறப்பு அனுமதி மனுக்களில் (மேல்முறையீடு செய்ய உச்ச நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கும் மனுக்கள்) பெரும்பாலானவை இரண்டு மூன்று வரி உத்தரவில் தள்ளுபடியாகின்றன, அவை திரட்டில் வருவதில்லை. நாம் எண்ணுவது கோர்ட் பேச முடிவு செய்த வழக்குகளை மட்டும்.

சீராய்வு மனுவை நீதிபதிகள் அறைக்குள்ளேயே சுற்றுக்கு விட்டு முடிப்பதுதான் வழக்கம். தூக்கு வழக்கில் மட்டும் திறந்த நீதிமன்றத்தில், மூன்று நீதிபதிகளாவது உட்கார்ந்து, அதிகபட்சம் அரை மணி நேரம் வாய்மொழி வாதம் கேட்க வேண்டும் என்று 2014இல் முகமது ஆரிப் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு சொன்னது. ஆகவே நோட்டில் இப்போது ஐந்தாவது கட்டம் ஒன்று போட்டிருக்கிறேன்: சீராய்வு, அறைக்குள்ளா, திறந்த கோர்ட்டிலா. 2014க்கு முந்தைய வரிகளை எல்லாம் இதற்காகத் திரும்பப் புரட்ட வேண்டியிருக்கிறது. அரூர், பென்னாகரம், ஓசூர் பக்கம் யாராவது கூட உட்காரத் தயார் என்றால் சொல்லுங்கள், பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.